தீவுகளில் ஊணும் நீரும்

விடுமுறைக்கு எங்கே செல்வது என்று வீட்டார் கூடி ஆராயும்போது, பார்க்கத்தக்கவை எவை என்னும் கேள்வியே முதலில் எழும். கோயில் எது, கோட்டை எது, குளிப்பதற்கேற்ற கடற்கரை எது என்று நிரல் ஒன்று ஆயத்தமாகும். உண்பது எங்கே, பருகுவது என்ன என்னும் கேள்வியை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ செல்வோர்க்கு அக்கேள்வி வேண்டுவதுமில்லை. அங்கே தெருவுக்குத் தெரு கடை உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குச் செல்வோர் அக்கேள்வியையே முதலிற் கேட்டல் வேண்டும். கேளாது சென்றவர் நண்பகல் வெயிலில் நின்று அதனைக் கேட்பர். அப்பொழுது விடை கூற ஆள் இருப்பதரிது.

இத்தீவுகள் இரு வகைப்படும். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை பாலங்களாலும் கடல்வழித் தெருக்களாலும் குடாநாட்டோடு இணைக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகிலன்றிச் செல்ல இயலாது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. தமிழர் நாவில் அப்பெயர்கள் நிலைக்கவில்லை. ஆங்கில நிலப்படங்களில் மட்டும் டெல்வ்ற் என்னும் பெயர் இன்றும் எஞ்சி நிற்கிறது.

அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று உணவைப் பற்றியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவே ஒரு சிறு கோட்டை உண்டு. தமிழர் அதனைக் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையை ஒத்திருப்பதாகவும், இக்கோட்டை அதன் குதிப்புறத்தில் அமைந்திருப்பதாகவும் அவர்கள் கண்டனர். பெயர் உணவிலிருந்து பிறந்தது. ஆனால் கோட்டை வீழ்ந்ததோ தாகத்தினால். அதனைக் கட்டியவர் போர்த்துக்கேயர். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, கோட்டையுள் இருந்தோர் குடிநீர் இன்மையாற் சரணடைய நேர்ந்தது. சுற்றிலும் கடல், சுவரோ வலியது, படைக்கலங்களும் உண்டு. குடிக்க நீர் இல்லை. சிறு தீவொன்றிற் காலடி வைப்போர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம் அதுவேயாகும். இன்று அக்கோட்டையைக் கடற்படையினர் விடுதியாக நடத்துகின்றனர். அறையும் உணவும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து கொண்டோர் அங்கே தங்கலாம். முன்பு ஒரு படை தாகத்தால் வாயில் திறந்த இடத்தில் இப்போது விருந்தினர்க்குக் குளிர்பானம் வழங்கப்படுகிறது.

சுற்றிலும் உவர்நீர் சூழ்ந்த தீவில் நன்னீர் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், அங்கு உண்பதும் பருகுவதும் பற்றிய பிற யாவும் எளிதில் விளங்கும். இத்தீவுகளில் ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மாரிமழையே இவற்றின் செல்வம். அம்மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி நிலத்துள்ளே தங்குகிறது. நன்னீர் கடல்நீரினும் இலேசானது. ஆதலின் அது நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல், மிதந்து நிற்கும். தீவின் நடுவிலே அப்படை தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும் இருக்கும்.

இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டளவில் செருமானியரான ஹேர்ட்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டனர். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் அதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். மேலே ஓரடி நீர் குறைந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும் நிலை ஏற்படும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் கொண்டு இறைக்கும் காலத்தில் அக்காவல் இல்லை. ஒரு முறை உவர்பற்றிய கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கலாம்.

இதனாலேதான் தீவுகளில் நல்ல நீருள்ள இடங்கள் பேர்பெற்றனவாய் உள்ளன. வேலணையிற் சாட்டிப் பகுதியின் கிணற்று நீரும், நெடுந்தீவிற் சாராப்பிட்டியின் நீரும் ஊரவரால் மதித்துப் பேசப்படுபவை. ஏனைய இடங்களிற் குடிப்பதற்கு ஒரு கிணறு, குளிப்பதற்கு ஒரு கிணறு, மாட்டுக்கு ஒரு கிணறு என்று நீரின் சுவைக்கேற்ப வகுத்து வைத்திருப்பர். உவர்நீரை நன்னீராக்கும் பொறிகள் தீவுகள் சிலவற்றில் இப்போது இயங்குகின்றன. அவை பெரும் உதவியே. எனினும் அவற்றின் நீரும் அளந்து பெறப்படுவதன்றி அள்ளி இறைக்கப்படுவதன்று.

இனிப் பயணத்தைத் தொடங்கலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். காலை உணவை நகரிலேயே முடித்துக்கொள்வது நன்று. இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது பிட்டும் வாழைப்பழமும் உண்டவர் நண்பகல்வரை எதனையும் தேடார். இட்டலியையும் தோசையையும் விடப் பிட்டே பயணத்துக்கு ஏற்றது என்பது முதியோர் கருத்து. அது வயிற்றில் நின்று உழைக்கும்.

பேருந்தின் இருபுறமும் கூரையிழந்த வீடுகளைக் காணலாம். சுவர்கள் நிற்கின்றன, முற்றத்திற் கிணறும் நிற்கிறது, இறைப்பார் இல்லை. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிற் போரின் காரணமாக வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அவர்களுட் பலர் மீளவில்லை. இவ்விடத்தில் ஒரு செய்தியை எண்ணிப் பார்த்தல் தகும். கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் ஒரு காலத்திற் பெயரோடு விளங்கிய சைவ உணவுக் கடைகள் பலவற்றை நடத்தியோர் புங்குடுதீவாரும் காரைநகராரும் பிற தீவாருமே ஆவர். தென்னிலங்கையின் பசியைத் தீர்த்தவர் தம் ஊரில் உணவுக்கடை வைத்திலர். காரணம் வறுமையன்று. விருந்தினர் வந்தால் வீட்டிலே சோறு இருந்தது; ஆகவே தெருவிலே கடை வேண்டியிருக்கவில்லை. இன்று அவ்வீடுகள் பாழடைந்து கிடக்கும் இடத்திலே, வருவோர்க்குச் சோறு தர வீடும் இல்லை. கடையும் மிகுதியாக இல்லை. தீவில் உண்பது எங்கே என்னும் கேள்வி எழுவது இதனாலேதான்.

குறிகட்டுவானிற் சிறு தேநீர்க் கடைகள் உண்டு. படகுக்குக் காத்திருப்போர்க்கு வடையும் பணிசும் சுடச்சுடத் தேநீரும் கிடைக்கும். கடற்காற்றில் நின்று வெறுந்தேநீரைப் பனங்கட்டித் துண்டோடு பருகுவது தனி இன்பம். கச்சான் கடலைச் சரை ஒன்றும் வாங்கி வைத்துக் கொள்ளலாம். படகு தாமதிக்குமாயின் அது கைகொடுக்கும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் வயிறு நிரம்ப உண்டு நெடுந்தீவுப் படகில் ஏறியவர், உண்டதைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்க நேரும் என்பதையும் மறத்தலாகாது.

நயினாதீவுக்குப் படகுப் பயணம் கால்மணி நேரம் அளவினதே. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர் வழிபடும் நாகவிகாரையும் உள்ளன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இரு சமயத்தாரும் வருகின்றனர். இத்தீவில் உண்பது எங்கே என்பதற்கு விடை எளிது. கோயிலைச் சார்ந்து அமுதசுரபி என்னும் பெயர் பூண்ட அன்னதான மண்டபம் உண்டு. நண்பகற் பூசை முடிந்ததும் வந்தோர்க்குச் சோறு வழங்கப்படும். சோறும் பருப்பும் இரண்டொரு மரக்கறியும் சொதியும் கொண்ட எளிய உணவே அது. எனினும் வெயிலில் நடந்து வந்து, வரிசையில் அமர்ந்து, முன்பின் அறியாதவரோடு ஒரே பந்தியில் உண்ணும்போது அதற்கு ஒரு சுவை உண்டாகிறது. விலை கேட்பார் இல்லை; இயன்றதை உண்டியலில் இடுவது உண்டவரின் கடமை.

மண்டபத்தின் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது இத்தீவு மக்களின் நீண்டகால நம்பிக்கை. அறிஞரிடையே வேறு கருத்துகளும் உள்ளன. கதையோ தீவுப் பயணம் செல்லும் எவர்க்கும் பொருந்துவது. ஆபுத்திரன் என்பவன் மதுரையிற் சிந்தாதேவியிடம் அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றான். பஞ்ச காலத்திற் பலர் பசியைத் தீர்த்தான். பின்னர் மழை பெய்து நாடு செழித்தது. அவனிடம் உணவு பெறுவார் இலராயினர். பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். கப்பல் மணிபல்லவத்திலே தங்கியது. அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பலோட்டிகள் இரவிலே புறப்பட்டு விட்டனர். ஆளற்ற தீவு; கையிலோ வற்றாத பாத்திரம். உண்பிக்க ஒருவரும் இல்லாதபோது தான் மட்டும் உண்டு உயிர் வாழ அவன் விரும்பவில்லை. கோமுகி என்னும் பொய்கையிற் பாத்திரத்தை இட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அப்பாத்திரமே பின்னர் மணிமேகலை கைக்கு வந்தது.

தீவிலே படகைத் தவறவிட்டவர் படும் பாட்டைத் தமிழிலக்கியத்தில் முதலிற் கூறியது இக்கதையாகலாம். அதைவிடப் பெரிய உண்மையும் இதிலே அடங்கியுள்ளது. தீவில் உணவு மட்டும் இருந்து பயனில்லை. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே வேளையில் அங்கே இருத்தல் வேண்டும். அவர்களை ஒன்று சேர்ப்பது படகு. இவ்வுண்மையை நயினாதீவிலன்றி நெடுந்தீவிலேயே விடுமுறையாளர் நன்கு உணர்வர்.

நெடுந்தீவு மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவிலுள்ளது. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். குறிகட்டுவானிலிருந்து படகு மாவிலித்துறையை அடைய ஒரு மணி நேரம் செல்லும். பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், கோட்டையின் இடிபாடு, பருத்த பெருக்கமரம், வெளிகளிலே திரியும் குதிரைகள் ஆகியவை காண வருவோர் பலர். காலைப் படகில் வந்து பிற்பகற் படகிலே திரும்புவதே அவர்களிற் பெரும்பாலோர் வழக்கம். இடையில் உள்ள சில மணி நேரத்திலே தீவையும் சுற்ற வேண்டும், உண்ணவும் வேண்டும்.

பிழை நிகழ்வது இங்கேயே. முச்சக்கர வண்டியொன்றை அமர்த்தித் தீவெல்லாம் சுற்றி, ஒரு மணிக்குச் சிறு சாப்பாட்டுக் கடையொன்றின் வாயிலில் நால்வர் வந்து இறங்குவர். அங்கே நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வகையினது.

“அக்கா, நாலு பேருக்குச் சாப்பாடு இருக்கா?”

“தம்பியவை, காலமை படகால இறங்கேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உலை வைச்சிருப்பன். இப்ப தேத்தண்ணியும் பிஸ்கற்றுந்தான் கிடக்கு.”

“காசு கூடத் தாறம் அக்கா. மீன் ஏதும் பொரிச்சுத் தாருங்கோவன்.”

“காசு என்னத்துக்கு, தம்பி? மீன் விடியவே யாழ்ப்பாணம் போட்டுது.”

கடைக்காரப் பெண்ணின் விடையிலே தீவின் பொருளியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. விடியற்காலையிற் கரைசேரும் நண்டும் இறாலும் கணவாயும் வியாபாரிகளின் பெட்டியில் ஏறி நகருக்குச் சென்றுவிடும். அரிசியும் தேங்காயும் மரக்கறியும் நகரிலிருந்து அதே படகுவழியே தீவுக்கு வரும். வருவாரோ மாட்டாரோ என்று தெரியாத விருந்தினர்க்காக உலைவைத்துக் காத்திருக்க ஏழைக் கடைக்காரரால் இயலாது. எஞ்சிய சோற்றை வாங்க அடுத்த தெருவிலே ஆள் இல்லை. ஆகவே கடை இல்லையென்று குறைகூறும் பயணி, தம் வரவை அறிவியாத குறையை மறந்துவிடுகிறார்.

அறிவித்தாலோ நிலைமை முற்றும் வேறு. முதல்நாளே தொலைபேசியிற் சொல்லி வைத்தவர்க்கும், மாவிலித்துறையில் இறங்கியவுடனே ஒரு கடையிலோ விடுதியிலோ ஆள் கணக்குச் சொல்லிவிட்டுச் சுற்றப் புறப்பட்டவர்க்கும் நகரத்து விடுதிகளிற் கிடைக்காத உணவு கிடைக்கும். அன்று விடியலிற் பிடித்த நண்டு, வறுத்தரைத்த மிளகாய்த்தூளில் முருங்கையிலை சேர்த்துக் குழம்பாகும். கணவாய் பிரட்டலாகும். சிறு மீன் சொதியாகும். நண்டின் ஓட்டை உடைத்து உறிஞ்சி உண்பதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். ஆதலின் படகு புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி உண்ணும் நேரத்தை வகுத்துக் கொள்ளுதல் அறிவுடைமை.

போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்று அழைத்தனர். இன்றும் அங்கே மாடுகள் மிகுதி. வெயிலில் அலைந்தவர்க்கு மோரைப் போன்ற அருமருந்து பிறிதில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, உப்பிட்டுக் கலக்கிய மோர் ஒரு செம்பு கிடைத்தால், போத்தற் குளிர்பானத்தை எவரும் நாடார். வீட்டார் தயிரும் மோரும் விற்பதுண்டா என்று பணிவோடு கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நீரைப் பொறுத்தவரையில் முறை வேறு. பருகும் நீரை விடுமுறையாளர் தாமே கொண்டு செல்லுதல் வேண்டும். பகற்பொழுதுக்கு ஆளுக்கு இரண்டு லீற்றரேனும் தேவைப்படும். நெடுந்தீவுக் குதிரைகள் கடுங்கோடையில் நீர் தேடி அலைவதும், வறட்சி மிகுந்த ஆண்டுகளில் மடிவதும் ஊரார் கண்ட துயரம். விலங்குக்கு நீர் போதாத இடத்தில், வந்து போகும் மனிதன் வாளி வாளியாக இறைப்பது தகாது. கடலிற் குளித்துவிட்டு உடலிற் படிந்த உப்பைக் கழுவுவதற்காக வழியிற் கண்ட வீட்டுக் கிணற்றை நாடுவோர் உளர். வீட்டார் மறுப்பதில்லை, விருந்தினரிடம் இல்லையென்று சொல்லி அவர்கள் பழகவில்லை. ஆனால் ஐவர் ஆளுக்கு 20 வாளி இறைத்தால் 100 வாளி ஆயிற்று. அன்று மாலை அவ்வீட்டுப் பெண் குடத்தில் மொள்ளும் நீர் கலங்கியிருக்கும், கோடையாயின் கரித்திருக்கும். அவ்வுப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் குளித்துச் சென்றவர் அறியமாட்டார்.

தீவுகளின் உணவைப் பற்றிப் பேசுவோர் பனையை மறத்தல் ஆகாது. அரிசி வராத நாளிலும் தீவாரைக் காத்தது பனையே. பனங்கொட்டையைப் பாத்தியிலிட்டுக் கிழங்கு எடுத்து, கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயிலே ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. புழுக்கொடியலும் பனாட்டும் பயணத்துக்கென்றே அமைந்தவை போன்றன; கெடுவதில்லை, சிந்துவதில்லை, குறைந்த அளவிலேயே பசியாற்றும். தீவுக் கடைகளில் இவை கிடைக்குமிடத்து வாங்கிச் செல்வது வயிற்றுக்கும் நல்லது, விற்பவர்க்கும் நல்லது.

ஒடியல் மாவினாற் சமைக்கும் கூழ் இப்பகுதியின் தலைசிறந்த விருந்து. மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பு நீக்குவர். பெரிய பானையிலே மீன், நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றோடு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் வேகும். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேரும். இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறி இறக்குவர். பனையோலையைக் கோலிய பிளாவிலே கொதிக்கக் கொதிக்க வார்த்துக் குடிக்கையில் நெற்றி வியர்க்கும். கண்ணில் நீர் வரும். எனினும் பிளா மறுமுறையும் நீளும். பத்துப் பேருக்குக் குறைந்தால் கூழ் காய்ச்சுவது பொருந்தாது என்பர். ஒரே பானை, ஓர் அடுப்பு, கழுவுவதற்குக் கோப்பைகள் இல்லை. நீர் அருமையான இடத்திலே இவ்வுணவு சிறந்து விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். உறவினரோடு கூட்டமாகச் செல்வோர் தங்குமிடத்தில் முன்னரே சொல்லி இதனை ஆக்குவித்தல் நன்று.

பனையிலிருந்து பருகுவதற்குரியவை இரண்டு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிப் பாளையிற் கட்டி இறக்கியது கருப்பநீர். சுண்ணாம்பின்றி இறக்கியது கள். கருப்பநீரைச் சிறுவரும் முதியோரும் ஒருங்கே பருகலாம். கோடையின் காலைப்பொழுதே அதற்கு ஏற்ற வேளை. அதனைக் காய்ச்சியே பனங்கட்டி செய்வர். கள் வேண்டுவோர் அனுமதி பெற்ற தவறணையை நாடுதல் வேண்டும். கள்ளுண்டு கடலில் இறங்குவதும், படகின் விளிம்பில் அமர்வதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். கோயிலை அடுத்த இடங்களில் ஊனும் கள்ளும் தவிர்ப்பது அவ்வூர் மரபு; வந்தவர் அதற்கு இணங்கி நடத்தல் கடன்.

படகுப் பயணம் விரும்பாதார்க்குக் காரைநகரும் வேலணையும் உள்ளன. காரைநகரிற் கசூரினாக் கடற்கரையிலே சிற்றுண்டிக் கடைகள் உண்டு. வேலணையிற் சாட்டிக் கடற்கரைக்கு விடுமுறை நாட்களில் மக்கள் திரளாக வருவர். தெருவழியே செல்லக்கூடிய இடங்களாதலின் இங்கே உணவுக்கு இடர் இல்லை. கட்டுச்சோறு கொண்டு சென்று சவுக்கு நிழலில் உண்போரும் பலர். புளிச்சோறும் பொரித்த மீனும், வாழையிலைப் பொதியும் அவ்விடத்துக்கு அழகு செய்வன.

கட்டுச்சோற்றைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். எல்லாவற்றையும் நகரிலிருந்தே சுமந்து சென்று, தீவிலே ஒரு தேநீர்கூட வாங்காது திரும்புவோர் தம்மைச் சிக்கனமானவர் என்று எண்ணக்கூடும். அவர்கள் தீவிலே விட்டுச் செல்வது வெறும் போத்தல்களையும் பைகளையுமே. சிறு தீவில் எறியப்படும் போத்தல் எங்கும் போய்விடுவதில்லை; கல்வேலியின் அடியிலோ, கிணற்றடியிலோ, மாட்டின் வயிற்றிலோ அது கிடக்கும். இதற்கு மாறாக, ஒன்றும் கொண்டு செல்லாது, யாவும் தமக்கென அங்கே ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போரும் உளர். இரு சாராரும் தீவுக்குச் சுமையாவர். நீரைக் கொண்டு செல்லுக. சோற்றை அங்கே உண்ணுக. வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வருக. இம்மூன்றும் போதும்.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் இத்தீவுகளுக்கு வருவோர் தொகை பெருகியுள்ளது. மூடிக்கிடந்த அடுப்புகள் சில மீண்டும் புகைகின்றன. வெளிநாடுகளிற் பிறந்து வளர்ந்த தீவார் பிள்ளைகள் தம் பாட்டன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்க வருகின்றனர். அவர்கட்கு ஒருவேளைச் சோறு ஆக்கிக் கொடுத்து வாழ்க்கை நடத்தும் குடும்பங்கள் அங்கே உருவாகின்றன. முன்னர் நாட்டுக்கெல்லாம் உணவளித்த கைகளின் மரபு அது. அவ்வடுப்பு எரிய வேண்டுமாயின் வருவோர் அங்கே உண்ணுதல் வேண்டும். தொடர்ந்து எரிய வேண்டுமாயின் அக்கிணறு இனித்தல் வேண்டும்.

பிற்பகற் படகு மாவிலித்துறையை விட்டு நீங்கும் வேளையில், கரையிலே நிற்போர் கையசைத்து, “போட்டு வாங்கோ” என்பர். போய்விடுக என்று கூறும் வழக்கம் அங்கே இல்லை. அடுத்த கோடையில் அதே விருந்தினர் மீண்டும் வரும்போது, அதே கிணற்றின் நீரை அதே சுவையோடு ஒரு செம்பிலே ஏந்தி வந்து கொடுக்க அவ்வீட்டாரால் இயலுமாயின், முன்னர் வந்து சென்றவர் நல்ல விருந்தினர் எனலாம்.